மழைக்கும் குளிருக்கும் மூட்டிய நெருப்பு

ஓகஸ்ட் 15ஆம் திகதிப் பெருவிழா முடிந்ததும் மடுவிலிருந்து வான்களும் பேருந்துகளும் ஊர் திரும்பத் தொடங்கும். செப்டெம்பர் 8ஆம் திகதிக்குப் பின்னர் வேளாங்கண்ணிக்குச் சென்றவர்கள் வந்து சேருவார்கள். வந்த அன்று மாலையே அயலவர் கூடிவிடுவர். ஆசீர்வதிக்கப்பட்ட எண்ணெய்ப் போத்தல்களும் செபமாலைகளும் கச்சான் பைகளும் பங்கிடப்படும். பிறகு பயணக் கதை தொடங்கும்.

வாகனத்தின் டயர் காற்றுப் போன கதை, விடுதியில் தண்ணீர் வராத கதை, உணவகத்தில் ஒரு சாப்பாட்டுக்கு வாங்கிய விலை, திருச்சொரூபத்தை நெருங்க முடியாதவாறு நெரித்த சனக்கூட்டம் என்று அது நீளும். கைத்தொலைபேசியில் எடுத்த படங்கள் கைமாறும். கோபுரம், கொடிமரம், பேராலயத்தின் முகப்பு, அதற்கு முன்னால் நிற்கும் நமது குடும்பம். இதில் குறை காண்பதற்கு ஒன்றும் இல்லை. பயணம் போய் வந்தவர் பேசுவதும், போகாதவர் கேட்பதும் மனித வாழ்வின் எளிய இன்பங்களுள் ஒன்று. எம்மாவுக்குச் சென்று திரும்பிய சீடர் இருவரும் எருசலேமை அடைந்தவுடன் வழியில் நிகழ்ந்ததைத்தான் எடுத்துரைத்தார்கள் (லூக்கா 24:35).

ஆயினும் நமது பயணக் கதைகளை உற்றுக் கேட்டால் ஒன்று புலப்படும். அவற்றில் இடங்கள் நிறைய வரும். அந்த இடங்களில் வாழும் மனிதர்கள் வருவது அரிது. வந்தாலும், நம்மிடம் கூடுதலாகப் பணம் வாங்கியவர்தான் பெரும்பாலும் வருவார். நமக்கு வழி காட்டியவர், குழந்தைக்குப் பால் சுடவைத்துத் தந்த தேநீர்க் கடைப் பெண், படுப்பதற்குப் பாய் தந்த வீட்டுக்காரர் ஆகியோர் அந்த மாலைப் பொழுதில் இடம்பெறாமலே போய்விடுகின்றனர்.

புதிய ஏற்பாட்டில் பயணக் கதை சொல்வதில் புனித லூக்காவுக்கு நிகரானவர் இல்லை. திருத்தூதர் பணிகள் நூலை வாசித்துக்கொண்டு வருபவர் 16ஆம் அதிகாரத்தில் சற்று நிதானிக்க வேண்டும். அதுவரை பிறருடைய வரலாறாகச் சென்றுகொண்டிருந்த நூல், துரோவா துறைமுகத்தில் ‘நாங்கள்’ என்று மாறுகின்றது. அவ்விடத்தில் லூக்காவும் கப்பலேறிவிட்டார் என்பது திருச்சபையின் பழைய மரபு. அதன் பின்னர் துறைமுகங்களும் காற்றின் திசைகளும் நாள்களின் கணக்கும் துல்லியமாக வரத் தொடங்குகின்றன. 27ஆம் அதிகாரத்தில் வரும் புயலை வாசித்தால், கடல் தெரிந்த ஒருவர் எழுதியது என்பது விளங்கும். கப்பலின் உடலை வடங்களால் சுற்றிக் கட்டுகிறார்கள்; சரக்கைக் கடலில் எறிகிறார்கள்; நள்ளிரவில் ஆழம் பார்க்கிறார்கள். முதலில் 20 பாகம், சற்றுத் தூரம் சென்றதும் 15 பாகம். இரு கைகளையும் விரித்து அளக்கும் ‘பாகம்’ என்ற கணக்கு நமது மீனவர்களுக்குப் புதியதன்று.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்தவர், தாம் சென்ற நகரங்களைப் பற்றி என்ன எழுதினார்? பிலிப்பி நகரம் உரோமையரின் குடியேற்ற நகரம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, நகர வாயிலுக்கு வெளியே ஆற்றங்கரைக்குப் போய்விடுகிறார். அங்கே செந்நிற ஆடை விற்கும் லீதியா என்ற பெண், தமது வீட்டில் வந்து தங்கும்படி அவர்களை வற்புறுத்துகிறார். லூக்காவின் நினைவில் நின்ற பிலிப்பி அதுவே. தீர் பட்டினம் அந்நாளில் உலகறிந்த வணிக நகரம். அதன் மதில்களைப் பற்றியோ கடைவீதியைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. ஏழு நாள்கள் தங்கிய பின் புறப்படுகையில், மனைவியர் பிள்ளைகளோடு எல்லாரும் நகருக்கு வெளியே வந்து, கடற்கரையில் முழந்தாளிட்டுச் செபித்துவிட்டு, விடைபெற்று வீடு திரும்பினார்கள் என்பதையே அவர் பதித்து வைத்தார் (21:5). மன்னாரிலோ நெடுந்தீவிலோ உறவினரைப் படகேற்றிவிட்டுக் கரையில் நின்றவர்களுக்கு இக்காட்சியை விளக்கத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் சிறந்தது மால்தா தீவைப் பற்றிய அவரது குறிப்பு. பதினான்கு நாள்கள் புயலில் அலைந்த கப்பல் மணல் திட்டில் மோதி உடைகின்றது. கப்பலில் இருந்தோர் 276 பேர். நீந்தத் தெரிந்தவர் நீந்துகின்றனர். மற்றவர் பலகைகளைப் பற்றிக்கொண்டு கரை சேருகின்றனர். கரையேறிய பின்புதான் அந்தத் தீவின் பெயரையே அறிகிறார்கள். மழை பெய்கிறது, குளிர் வாட்டுகிறது. கரையில் நிற்பவர்களோ வேற்று மொழி பேசுபவர்கள். கிரேக்க மூலத்தில் அவர்களைக் குறிக்க லூக்கா பயன்படுத்தும் சொல், கிரேக்க மொழி தெரியாதோரை நாகரிகமற்றோர் என்று ஒதுக்குவதற்கு அக்காலத்தார் வழங்கிய சொல். அந்தச் சொல்லை எழுதிய அதே மூச்சில், அவர்கள் தங்களுக்குக் காட்டிய மனிதநேயம் வழக்கத்துக்கு மேற்பட்டது என்றும் எழுதுகிறார். அவர்கள் நெருப்பு மூட்டி, கைதிகள், படைவீரர், மாலுமிகள் என்று பாராமல் எல்லாரையும் அருகே அழைத்துக்கொண்டார்கள்.

பவுலும் சும்மா அமர்ந்திருக்கவில்லை. சுள்ளிகளைப் பொறுக்கி நெருப்பில் இடுகிறார். விருந்தாளியாக வந்தவரும் விறகு சேர்க்கிறார் என்பதை நமது யாத்திரைக் குழுக்களில் உள்ள இளைஞர்கள் கவனிப்பார்களாக. அப்போதுதான் விரியன் பாம்பு அவரது கையைப் பற்றுகிறது, அவர் அதை உதறிவிடுகிறார், தீங்கொன்றும் நேரவில்லை. பின்னர் தீவின் தலைவரான புப்பிலியு அவர்களை மூன்று நாள் தமது இல்லத்தில் வைத்து உபசரிக்கிறார். காய்ச்சலாலும் வயிற்றுளைவாலும் வருந்திய அவருடைய தந்தையைப் பவுல் செபித்துக் குணமாக்குகிறார். மூன்று மாதங்களுக்குப் பின் புறப்படும்போது, வழிக்குத் தேவையான பொருள்களைத் தீவு மக்களே கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள்.

இப்பகுதி முழுவதிலும், மால்தாவில் இன்னார் திருமுழுக்குப் பெற்றார் என்று லூக்கா ஓரிடத்திலும் எழுதவில்லை. புப்பிலியுவைத் தமது முதல் ஆயராகப் போற்றுவது மால்தா திருச்சபையின் பிற்கால மரபு. லூக்காவைப் பொறுத்தவரை அவர்கள் செய்த உபகாரமே எழுதப் போதுமானதாயிருந்தது. நம்மவர் அல்லாதவர் நமக்குச் செய்த நன்மையை, அவர் நம்மவராக மாறினாரா என்று பாராமல் அப்படியே பதிவு செய்வதற்குப் பெரிய உள்ளம் வேண்டும். மால்தா மக்கள் இன்றும் பெப்ரவரி 10ஆம் திகதி அந்தக் கப்பற்சேதத்தைத் திருவிழாவாகக் கொண்டாடுகின்றனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஏப்ரலில் அங்கு சென்றபோது இந்த மனிதநேயமே அப்பயணத்தின் மையக்கருவாக இருந்தது. கடல் கடந்து தஞ்சம் தேடி வந்தவர்களையும் அவர் அங்கே சந்தித்தார்.

நமது கடலுக்கும் இத்தகைய கதை உண்டு. 1983க்குப் பின்னரும் 1990இலும் தலைமன்னார், பேசாலைக் கரைகளிலிருந்து இரவோடிரவாகப் படகேறியவர்கள் எத்தனை பேர்! தனுஷ்கோடிக்கு அருகே மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, விடியும்வரை கைக்குழந்தைகளோடு நின்றவர்களும் அவர்களுள் அடங்குவர். மறுகரையில் தங்களுக்கு முதலில் தண்ணீர் தந்தவர் யார் என்று கேட்டால், இன்றும் சொல்லக்கூடியவர்கள் நமது பங்குகளில் இருக்கிறார்கள். இன்று அதே கடலின் மேலாக விமானத்தில் பறந்தும், 2023 ஒக்டோபரில் தொடங்கி இடைநின்று 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பமான காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பலில் ஏறியும் வேளாங்கண்ணிக்குப் போகிறோம்.

வேளாங்கண்ணியின் மூன்று மரபுக் கதைகளை நம் பிள்ளைகள் அறிவார்கள். ஆலமரத்தடியில் இளைப்பாறிய பால்காரச் சிறுவனிடம் அன்னை தம் குழந்தைக்குப் பால் கேட்டார். கால் ஊனமுற்ற சிறுவனிடம் மோர் கேட்டார். புயலில் சிக்கிய போர்த்துக்கேய மாலுமிகள் உயிர் தப்பிக் கரையேறியபோது, மீனவர் அவர்களைக் குடிசைக் கோவிலுக்கு அழைத்துச் சென்றனர். மூன்றிலும் முதலில் நிகழ்வது உபசரிப்பு. வழிப்போக்கருக்குக் குடிக்கக் கொடுத்தலும், கரையொதுங்கியவரைக் கைப்பிடித்து அழைத்தலும் நிகழ்ந்த பின்னரே புதுமை வருகின்றது. பேராலயம் அதற்கும் பின்னர்.

அங்கு போய்வந்தோர் 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையைப் பற்றியும் பேசுவதுண்டு. பேராலயத்தினுள் நீர் புகவில்லை என்பது வியப்போடு சொல்லப்படும். அதைச் சொல்லும் வாய், நத்தாருக்கு மறுநாளான அந்த ஞாயிறு காலையில் கரையில் நின்ற நூற்றுக்கணக்கான யாத்திரிகர்கள் மடிந்ததையும் சொல்ல வேண்டும். கட்டடம் தப்பியதை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, அன்னையின் இரக்கத்தைச் சுவர்களோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும் ஆபத்து உண்டு.

கரையொதுங்கிய கப்பலின் கதை தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கும் உரியது. மன்னாரிலிருந்து வேலை தேடிக் கொழும்புக்கு நடந்துபோன ஏழைப் போர்த்துக்கேயர் ஒருவர் மரத்தடியில் உறங்கியபோது காட்சி கண்டார் என்பது ஒரு மரபு. உடைந்த கப்பலிலிருந்து கரையேறியோர் புனிதையின் சொரூபத்தை ஆலமரத்தடியில் வைத்து, தொழில் செழித்தால் கோவில் கட்டுவதாக நேர்ந்துகொண்டனர் என்பது மற்றொன்று. மார்ச்சிலும் ஓகஸ்டிலும் திருவிழாவுக்குச் செல்லும் நமது வாகனங்கள் கற்பிட்டிக் குடாநாட்டின் வழியே ஓடுகின்றன. சாலையின் இருமருங்கிலும் குடியிருப்புகளும் பள்ளிவாசல்களும் தெரியும். பிள்ளைகள் சன்னல் வழியே பார்ப்பார்கள். அவர்களுக்கு நாம் என்ன சொல்லுகிறோம்?

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவைச் சேர்ந்தோர் பலர் படகுகளில் ஏற்றப்பட்டு இந்தக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். அவர்களை வரவேற்றுச் சோறு கொடுத்தவர்கள், தாமும் வசதி படைத்தவர் அல்லாத புத்தளம் மாவட்ட மக்கள். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் நமக்கு அயலவராய் வாழ்ந்தவர்கள், கையில் எடுத்ததோடு இங்கே ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காய் இருந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்தும் பலர் திரும்பவில்லை. மன்னாரிலிருந்து தலவிலைக்குச் செல்லும் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று கடந்துசெல்லும் பாதை இது. மால்தா மக்களின் நெருப்பைப் பற்றி மறையுரை கேட்ட நாம், நமது கரையில் நெருப்பு அணைக்கப்பட்ட நாளையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அந்தச் சாலையோரத்தில் தேநீர் அருந்த இறங்கி, பரிமாறும் முதியவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். பயணக் கதைக்கு அதைவிடப் பெரிய விடயம் கிடைக்காது.

பயணம் என்றாலே நம் நாட்டில் நினைவுக்கு வர வேண்டியவர் புனித யோசப் வாஸ். கோவாவில் 1651இல் பிறந்து, 1687இல் தூத்துக்குடியிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். வந்த உடனேயே கடும் வயிற்றுளைவு அவரைப் பிடித்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலம் அது. கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாக இரந்து, அதை அடையாளம் கண்டுகொள்ளும் கண்களைத் தேடினார். சில்லாலையில் மறைந்திருந்து பணியாற்றினார். 1689இன் நத்தார்க் காலத்தில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரைக் கைதுசெய்தபோது தப்பி, புத்தளம் வழியே 1692இல் கண்டியை அடைந்தார். அங்கும் ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார்.

அவரை ஒடுக்கியவர்கள் கிறிஸ்துவை அறிக்கையிட்ட ஒல்லாந்தர்; இறுதியில் அவருக்கு அடைக்கலம் தந்தவர் பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியர். இதை வரலாற்றின் முரண் என்று கடந்து போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மால்தாவின் நெருப்பு கண்டி மலைகளிலும் எரிந்தது என்றே கொள்கிறேன். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளரைச் சொந்த உறவினரே கைவிட்டு ஓடியபோது, வாஸ் அடிகளார் சமயம் பாராது அவர்களைப் பராமரித்தார். அவரும் விறகு பொறுக்கிய விருந்தாளிதான். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். அவரது கல்லறை இருந்த இடம் இன்றுவரை கண்டறியப்படவில்லை. ஆகையால் அங்கு போய் நின்று படமெடுக்க வழியில்லை. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே மடுவுக்குச் சென்றார்.

மடுவிலும் விருந்தோம்பலின் வரலாறே முதலில் நிற்கின்றது. 1670 அளவில் மாந்தையிலிருந்து சுமார் இருபது குடும்பங்கள் அன்னையின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு, ஒல்லாந்தரின் கை எட்டாத காட்டுக்குள் வந்து தங்கின. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தோரும் அங்கே சேர்ந்தார்கள். அகதிகளால் உண்டான தலம் அது. மடுவின் மண் பாம்புக்கடிக்கு மருந்தென்று நமது முன்னோர் சிறு பொதிகளாக எடுத்துச் சென்றார்கள். மால்தாவிலும் புனித பவுலின் குகையில் எடுத்த மண் விஷமுறிவுக்கென ஐரோப்பா எங்கும் ஒரு காலத்தில் கொண்டு செல்லப்பட்டது. இரு தீவுகளின் எளிய மக்களும் ஒரே விதமாக எண்ணியிருக்கிறார்கள்.

1990இல் போர் மூண்டதும் பல்லாயிரக்கணக்கானோர் மடுவின் மரங்களின் கீழ் தஞ்சமடைந்தனர். 1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு திருத்தல வளவில் விழுந்த எறிகணைகளால், தஞ்சம் புகுந்திருந்தோரில் ஏறத்தாழ நாற்பது பேர் உயிரிழந்தார்கள். 2008 ஏப்ரலில் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஓகஸ்டில் திரும்பி வந்தது. நின்றுபோயிருந்த புகையிரதம் 2013இல் மடு வீதி நிலையம்வரை மீண்டும் ஓடத் தொடங்கிய பின்னர், போக்குவரத்து இலகுவாகிவிட்டது. காலையில் புறப்பட்டு, திருப்பலி கண்டு, மாலையில் வீடு திரும்பி விடுகிறோம். மாட்டுவண்டியில் நாள்கணக்காகச் சென்று, கொட்டில் அடித்து, பக்கத்துக் கொட்டிலில் இருந்தவரின் அடுப்பில் நெருப்பு வாங்கிச் சமைத்த தலைமுறைக்கு, மடுவில் அறிமுகமான குடும்பங்கள் ஆயுள் முழுதும் உறவாயின. சிங்களக் குடும்பங்களும் அவற்றுள் இருந்தன. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு மரங்களின் நிழல் மட்டுமே தெரிகிறது. அந்த நிழலில் யார் இருந்தார்கள், யார் யாருக்குக் கஞ்சி ஊற்றினார்கள் என்பதைத் தாத்தாவும் பாட்டியும் அவ்விடத்தில் வைத்தே சொல்ல வேண்டும்.

கச்சதீவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடிநீரற்ற, மனிதர் வசியாத அத்தீவில் ஆண்டுக்கு இரு நாள்கள் மட்டும் புனித அந்தோனியார் திருவிழா. இராமேஸ்வரத்து மீனவரும் நெடுந்தீவு மீனவரும், கடலில் வலைகளுக்காகவும் இழுவைப் படகுகளுக்காகவும் தீராத பிணக்கில் இருப்பவர்கள், ஒரே மணலில் படுத்து ஒரே திருச்சிலுவைப் பாதையில் நடப்பார்கள். 2024இல் தமிழக மீனவர் அத்திருவிழாவைப் புறக்கணித்தனர். கைதான தம் சகோதரருக்காக எழுந்த அந்த வேதனையும், இழுவை மடியால் வாழ்விழந்த நமது மீனவரின் வேதனையும் உண்மையானவை. அந்த ஆண்டு அங்கு சென்று வந்தவர்களிடம், வராதவர்களைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த முறை யாத்திரை முடிந்து வீடு வந்ததும், குடும்பச் செபமாலைக்கு அமரும்போது, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்கலாம். வழியில் உனக்கு உதவியவர் யார்? பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். அந்த முகத்துக்காக ஒரு மங்கள வார்த்தை சொல்லட்டும். லூக்காவுக்கும் நெருப்பு மூட்டியவரின் பெயர் தெரியாது.

அவரது பயணம் உரோமையில் முடிகிறது. அவர்கள் வருகிறார்கள் என்று கேள்வியுற்ற சகோதரர்கள், அப்பியு சந்தைவரையிலும் மூன்று விடுதிவரையிலும் எதிர்கொண்டு வந்தார்கள். நகரிலிருந்து முறையே ஏறத்தாழ 65, 50 கிலோமீற்றர் தூரம். அவர்களைக் கண்டதும் பவுல் கடவுளுக்கு நன்றி சொல்லித் துணிவு பெற்றார். நகருக்குள் நுழைந்ததோடு ‘நாங்கள்’ என்ற சொல் நின்றுவிடுகின்றது. உலகத்தின் தலைநகராயிருந்த அந்நகரின் மாளிகைகள், கோவில்கள், வளைவுகள் எதைப் பற்றியும் லூக்கா ஒரு வரி எழுதவில்லை. வாடகை வீடு ஒன்று, காவலுக்கு ஒரு படைவீரர், வந்து போனவர்கள் எல்லாருக்கும் திறந்திருந்த கதவு; உரோமையைப் பற்றி அவர் விட்டுச்சென்றவை இவை.